விளக்கு யாருடையது?

பெட்ரோமாக்ஸ் லைட்டுக்குள் ஓர் ஆளின் பெயர் ஒளிந்திருக்கிறது, தெரியுமா உங்களுக்கு? பெர்லினில் விளக்குக் கம்பெனி நடத்திய மாக்ஸ் கிரெட்ஸ் என்பவர்தான் அந்த மாக்ஸ். 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்து மேண்டில் காமெடிக்கு இன்றும் சிரிக்கிற நாம், நம்மை அறியாமல் ஒரு ஜெர்மன்காரரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. எய்மே ஆர்கண்ட் என்று ஒருவர். ஜெனீவாக்காரர். பழம்பொருள் கடைகளில் உருண்டைத் திரியும் உயரமான கண்ணாடியுமாக நிற்கிறதே பித்தளை விளக்கு, அதற்கெல்லாம் ஒருவகையில் தாத்தா இவர்தான்.

1780 வரைக்கும் விளக்கு என்றால் எண்ணெய், அதில் ஊறிய திரி, நுனியில் சுடர், மேலே புகை. சுடரின் நடுப்பகுதிக்குக் காற்று போதாது. அதனால் பாதி எரியும், மீதி கரியாகும். ஆர்கண்ட் செய்ததைக் கேட்டால் "ப்பூ, இவ்வளவுதானா!" என்பீர்கள். திரியைக் குழாய் வடிவில் அமைத்தார். உள்ளே ஒரு வழி, வெளியே ஒரு வழி என்று இரண்டு பக்கமும் காற்று. மேலே சிம்னி. அவ்வளவுதான், புகை அடங்கி வெளிச்சம் எகிறிவிட்டது. 1784-ல் பாரிஸில் இருந்த தாமஸ் ஜெஃபர்சன், 6 அல்லது 8 மெழுகுவர்த்திக்குச் சமமான வெளிச்சம் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

சரி, துட்டு வந்ததா? பி.காம். படித்தவன் புத்தி அங்கேதான் போகும்.

வரவில்லை. 1784-ல் இங்கிலாந்தில் பேட்டன்ட் வாங்கினார். போட்டிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1786-ல் அது செல்லாது என்றாகிவிட்டது. பாரிஸில் கேன்கே என்ற மருந்துக்கடைக்காரர், லாஞ்ச் என்பவரோடு சேர்ந்து அதே மாதிரி விளக்கைச் செய்து விற்றார். கண்ணாடி சிம்னி எங்கள் யோசனையாக்கும் என்று ஒரு வாதம் வேறு. கடைசியில் அந்த லாஞ்சுடனேயே கூட்டுச் சேர்ந்து 1787-ல் அரசு உரிமம் பெற்றார் ஆர்கண்ட். இரண்டே வருஷத்தில் புரட்சி வந்துவிட்டது. 1803-ல் 53 வயதில் செத்துப்போனார். ஆங்கிலேயர்களாவது ஆர்கண்ட் விளக்கு என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமோ? கேன்கே!

கேன்கேயைத் திருடன் என்று சொல்லிவிடலாமா? எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. யோசனை என்பது பாதிக் கிணறு. அதைச் செய்து, கடையில் வைத்து, நாலு வீட்டுக்குக் கொண்டுபோகிறவனுக்கும் பங்கு உண்டுதானே? இப்படி வாதாட எனக்கு நன்றாகவே வரும். சொந்த அனுபவம்.

நான் சப்-எடிட்டராக இருந்த காலம். ஆபீஸில் ஒரு புரூஃப் ரீடர், ரிட்டயர் ஆகிற வயசு. டீ குடிக்கும்போது சொன்னார். "தம்பி, ரேஷன் கடை மண்ணெண்ணெய் க்யூவில காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் நின்னு, ஜனங்க பேசறதை மட்டும் எழுதிப் பாருங்களேன்."

நின்றேன். எழுதினேன். அந்த வாரம் அட்டைப்படக் கட்டுரையே அதுதான்! "யாருய்யா ஐடியா?" என்று ஆசிரியர் கேட்டார். "என்னுதுதான் சார்" என்றேன். நின்றது நான், கால் வலித்தது எனக்கு, எழுதியதும் நான் என்று மனசுக்குள் பாயின்ட் பாயின்ட்டாக எடுத்துவைத்துக்கொண்டேன். அவர் பெயரைச் சொல்லியிருந்தால் எனக்கு நயா பைசா நஷ்டமில்லை என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

பெரியவர் அப்போது புரூஃபோடு பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கட்டுரைக்கு மேலே என் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அதை வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.