சாமி போன கோயில்

பவானிசாகர் அணை கோடையில் வெகுவாக வற்றினால் டணாய்க்கன்கோட்டைக் கோயில் தலைகாட்டும். ஹொய்சாளர் காலத்துக் கோட்டை. 1955இல் அணை முடிந்ததும் ஊரோடு நீருக்குள் போனது. சாமி சிலைகளை அதற்கு முன்பே மேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 105 அடிக்குத் தண்ணீர் நின்றால் மீன் பரிசல்கள் அந்தக் கருவறைக்கு மேலேயே போகலாம்.

போகலாமா என்பதுதான் என் கேள்வி. கருவறைக்கு மேல் நாம் கால் வைப்பதில்லையே.

எங்கள் பரிசல்காரர், ஒற்றைத் துடுப்பை இடமும் வலமும் மாற்றிப் போட்டபடி, அந்த இடத்தைச் சுற்றித்தான் போனார். பக்தி என்று நினைத்தேன். "கல்லுல வலை மாட்டிக்குமுங்க" என்றார்.

ஆகமத்தைக் கேட்டால் சிக்கலே இல்லை. சாமியின் சாந்நித்தியத்தைக் கலசத்து நீரில் இறக்கி எடுத்தபின் மிஞ்சுவது வெறும் கல். கணக்கு நேர். எனக்குத்தான் அது ஒட்டவில்லை. எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவள், மேட்டிலிருக்கும் புதுக் கோயிலுக்குப் போய்விட்டு, திரும்புகையில் அணைப் பக்கமும் ஒரு கும்பிடு போடுவாள். "அங்கதான் யாருமில்லையே அமுச்சி" என்றால், "நீ போய்ப் பாத்தியா?" என்பாள்.

அவள் பக்கமும் நியாயம் உண்டு. பிழைக்கப் போன ஊரில் குலதெய்வத்துக்குக் கோயில் எடுக்கிறவர்கள் மூலக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போகிறார்கள். அதனால் மூலக் கோயில் காலியாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. பொங்கல் வைக்க அங்கேயும் வருகிறார்கள். மண்ணில் போகும் சாமி மிச்சம் வைத்துப் போகுமாம், கலசத்தில் போகும் சாமி துடைத்துக்கொண்டு போகுமாம். இதை எந்தக் குருக்களிடம் கேட்டாலும் ஆளுக்கொரு பதில்தான் வரும்.