விடுதலை என்று பெயரிட்ட சிகிச்சை

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்குக் கழுத்துச் சிரைகளின் சுருக்கம் காரணமாகலாம் என்று 2009இல் எழுதினார் பாவ்லோ சம்போனி. இத்தாலியின் ஃபெராரா நகரத்து இரத்தக்குழாய் அறுவை மருத்துவர் அவர். அவருடைய மனைவிக்கும் அந்நோய் இருந்தது. சிரைக்குள் பலூனைச் செலுத்தி விரிக்கும் அவரது முறைக்கு 'விடுதலை' என்று பெயர் வந்தது. நம் பேச்சில் ஊசி குத்தும் குழாயும் நரம்பு, வலியைக் கடத்துவதும் நரம்பு. அதனால் அவர் சொன்னது நமக்கு அவ்வளவு விநோதமாகப் படாது.

அந்தச் சொல்லை அதிகம் நம்பிய நாடுகளில் ஒன்று கனடா. இந்நோய் அங்கே பரவலானது. நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்கள். உள்நாட்டில் இச்சிகிச்சை கிடைக்காததால் போலந்து, கோஸ்டாரிகா, மெக்சிகோ, இந்தியா என்று பறந்தார்கள். ஊர் கூடி நிதி திரட்டி அனுப்பியதும் உண்டு.

அப்படிப் போய்வந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். வீட்டில் படுத்திருக்கிறாள். கால் கதகதப்பாக இருக்கிறது, தலையில் இருந்த மந்தம் விலகியது என்கிறாள். போய்வந்த பலரும் இப்படித்தான் சொன்னார்கள். அவளை நம்ப வேண்டுமா?

பெண்ணியம் பழகியவர்களுக்கு இதில் தயக்கம் இருக்காது. இந்நோயை 1868இல் வரையறுத்த ஷார்கோ, பாரிஸின் சல்பெத்ரியே மருத்துவமனையில் ஹிஸ்டீரியாவையும் ஆராய்ந்தவர். பிறகு பல பெண்களின் மரத்துப்போன கால்களும் மங்கிய கண்களும் ஹிஸ்டீரியாவின் கணக்கில் சேர்ந்தன. 'எல்லாம் மனசுதான்' என்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்தவளிடம் 'இதுவும் மனசுதான்' என்று சொல்ல நமக்கு நா எழாது.

ஆனால் அவள் சொல்வதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. 'என் கால் சூடாக இருக்கிறது' என்பது ஒன்று. அதற்கு அவளே சாட்சி, வேறு யாரும் வேண்டாம். 'சிரையை விரித்ததால்தான் இப்படி' என்பது மற்றொன்று. உடல் தன் காரணங்களைத் தானே அறியாது, ஆணுடையதும் அப்படித்தான். முதலாவதை மறுப்பது அவமதிப்பு. இரண்டாவதையும் சேர்த்து ஏற்றுக்கொள்வதை மரியாதை என்று நான் எண்ணவில்லை.

அந்த முதல் செய்தியையாவது அவளால் தடையின்றிச் சொல்ல முடிகிறதா? மூன்றாம் மாதம் களைப்பு திரும்புகிறது என்று வையுங்கள். பணம் கொடுத்த பக்கத்து வீட்டார் 'எப்படி இருக்கிறாய்' என்று விசாரிக்கிறார்கள். வீட்டை அடகு வைத்த கணவன் அவள் நடையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். இங்கே 'நன்றாக இருக்கிறேன்' என்பது வட்டி கட்டுவது போல. அப்படிச் சொல்லிவிட்டாலோ, சமையலும் துணி துவைப்பதும் மறுநாளே அவளிடம் திரும்பி வந்துவிடும். இந்நோயின் களைப்பு வெளியே தெரியாது.

சோதனை நடத்திய மருத்துவர்கள் நோயாளிகளை நம்பவில்லை என்று அப்போது கோபம் எழுந்தது. கனடாவில் 104 பேர் பங்கேற்ற சோதனையில் எல்லோருக்கும் குழாய் செலுத்தினார்கள், ஏறத்தாழ பாதிப் பேருக்கே பலூனை விரித்தார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. 2017இல் முடிவு வந்தது: இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. அதே ஆண்டு வெளியான தமது சோதனையின் முடிவில் சம்போனியே இம்முறையைப் பரிந்துரைக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார்.

பலூன் விரிக்காமல் வெறும் குழாயோடு படுக்கவைத்தது ஏமாற்று என்று சிலருக்குத் தோன்றலாம். அவர்கள் சம்மதித்துத்தான் படுத்தார்கள். அந்தக் கேள்வித்தாளில் 'களைப்பு அப்படியேதான் இருக்கிறது' என்று எழுத அவர்களுக்கு யாரிடமும் கடன் இருக்கவில்லை.