துப்புத் துலங்காத கொலையும் தீர்ப்புச் சொல்லும் நாவும்

கொலைக் கதை கேட்பதில் மனிதனுக்கு என்றுமே ஓர் ஆசை உண்டு. அதிலும் கொலைகாரன் யாரென்று தெரியாத கதையென்றால் ஆசை இரட்டிப்பாகிறது. கொலை நடந்த வீட்டில் நள்ளிரவில் காலடிச் சத்தம் கேட்கிறதென்று ஒரு வரியும் சேர்ந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். முன்பு இவற்றைத் திண்ணையில் அமர்ந்து பெரியவர்கள் சொல்லக் கேட்டோம். பிறகு துப்பறியும் நாவல்கள் வந்தன. இன்றோ இஷாத் தொழுதுவிட்டுப் படுத்த பிள்ளைகள், போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு, எங்கோ ஒரு நாட்டில் எப்போதோ வெட்டுண்டு கிடந்தவரின் காயங்களை எண்ணிக் கொண்டிருக்கிறார்கள்.

"கதைதானே, கேட்டால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் பலர் விழிக்கிறார்கள். ஹராம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படிச் சொல்ல நமக்குத் துணிவில்லை, அவசியமும் இல்லை. கேட்டபின் நம் நாவு என்ன செய்கிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

இத்தகைய கதைகளுக்குப் பேர்போன பகுதி ஒன்று உண்டு. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் முதலிய ஆறு மாநிலங்கள் சேர்ந்த நிலப்பரப்பை நியூ இங்கிலாந்து என்பார்கள். அங்கே குடியேறியவர்கள் மதப்பற்று மிகுந்தவர்கள். வேதம் ஓதாத வீடு அவர்களிடையே அபூர்வம். அப்படிப்பட்ட மக்களிடையேதான் 1692-ஆம் ஆண்டு சேலம் என்ற ஊரில் அந்தப் பெருங்கொடுமை நடந்தது. 9 வயதும் 11 வயதுமான இரண்டு சிறுமிகள், அதுவும் பாதிரியார் வீட்டுப் பிள்ளைகள், திடீரெனக் கத்தினார்கள், முறுக்கிக்கொண்டு விழுந்தார்கள். "யார் செய்தது?" என்று பெரியவர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். கேள்வி ஓயாதபோது பதிலும் பிறந்துவிடுகிறது. பெயர்கள் வரத் தொடங்கின. அந்த ஓராண்டுக்குள் 150 பேருக்கு மேல் சூனியக் குற்றம் சாட்டப்பட்டார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வழக்குக்குப் பதில் சொல்ல மறுத்த முதியவர் ஒருவரைக் கிடத்தி, நெஞ்சின்மேல் கற்களை அடுக்கியே கொன்றார்கள். சிறையில் இறந்தவர்கள் வேறு.

இவர்களுக்கு எதிராக என்ன சாட்சி இருந்தது? "இந்த அம்மாளின் ஆவி இரவில் வந்து என்னைக் கிள்ளியது, கழுத்தை நெரித்தது" என்பதே பெரும்பாலும் சாட்சி. குற்றம் சாட்டப்பட்டவர் அந்நேரம் தம் வீட்டில் உறங்கிக் கொண்டிருந்திருக்கலாம். வந்தது அவருடைய உருவம்தானே என்றார்கள்! வேறு யார் கண்ணுக்கும் தெரியாத ஒன்றை எப்படி மறுப்பது?

இங்கே நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். 'அந்த மக்கள் பேயை நம்பினார்கள், ஆகையால் கெட்டார்கள்' என்று இக்காலத்துப் படிப்பாளிகள் முடித்துவிடுவார்கள். நாம் அப்படி முடிக்க முடியாது. மறைவானவற்றை நம்புவது நம் ஈமானில் உள்ளது. ஜின்கள் உண்டென்று திருக்குர்ஆன் கூறுகிறது. ஷைத்தான் மனிதனின் பகைவன் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஷைத்தான் உண்டு என்று நம்புவது வேறு. 'ஷைத்தான் இன்னாருடைய கையாள்' என்று அண்டை வீட்டாரைச் சுட்டிக் காட்டுவது வேறு. முன்னது ஈமான். பின்னது சாட்சியில்லாத பழி. மறைவானதை நம்புகிறோம் என்பதாலேயே அதன் பெயரால் ஒருவர்மீது குற்றம் நாட்டுவதற்கு நாம் அதிகமாக அஞ்ச வேண்டாமா? அந்த உலகத்தைப் பற்றி நமக்கு அறிவிக்கப்பட்டது சொற்பம். அங்கிருந்து சாட்சி கொண்டுவருபவன் பொய்யனா மெய்யனா என்று சோதிக்க நம்மிடம் தராசு ஏது?

இதை அக்காலத்து மதகுருமார்களிலேயே ஒருவர் உணர்ந்தார். இன்கிரீஸ் மாதர் என்பவர் அதே ஆண்டு அக்டோபரில் ஒரு நூல் எழுதினார். நிரபராதியின் உருவத்தை ஷைத்தான் எடுத்துவர முடியாதென்று யார் சொன்னது என்று கேட்டார். சூனியக்காரர் என்று சந்தேகிக்கப்பட்ட பத்துப் பேர் தப்பிப் போனாலும் குற்றமற்ற ஒருவர் தண்டிக்கப்படக் கூடாது என்றும் எழுதினார். அந்த மாதமே கவர்னர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். தீர்ப்பளித்த நீதிபதிகளில் சாமுவேல் சிவால் என்பவர் 1697-இல் தேவாலயத்தில் எல்லார் முன்னிலையிலும் எழுந்து நிற்க, தம் பிழையை ஒப்புக்கொண்டு அவர் எழுதிய கடிதம் படிக்கப்பட்டது. ஆனாலும் பழி துடைக்கப்பட எத்தனை காலம் ஆயிற்று பாருங்கள்! தண்டனை விதிக்கப்பட்டவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த ஒரு பெண்ணின் பெயர் 2022-இல்தான் சட்டப்படி நீக்கப்பட்டது. பழி சொல்ல ஒரு நிமிடம், துடைக்க முந்நூற்று முப்பது வருஷம். இதற்கிடையில் அவ்வூர் போலீஸ் வண்டிகளிலேயே துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரியின் படம் ஏறிவிட்டது. வேடிக்கை பார்க்க வருவோரின் கூட்டம் அக்டோபர் மாதங்களில் தெருக்கொள்ளாது. எவர் சூனியமே செய்யவில்லையோ அவர் பெயரால்தான் இத்தனையும்.

சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, 1892-இல், ரோட் ஐலண்டில் எக்சிடர் என்ற சிற்றூர். மெர்சி பிரவுன் என்ற 19 வயதுப் பெண் அந்த ஜனவரியில் காசநோயால் இறந்தாள். தாயும் தமக்கையும் முன்னரே அந்நோய்க்குப் பலி. அண்ணன் எட்வினும் படுக்கையில். இறந்தவர்களில் ஒருவர் எழுந்துவந்து உயிருள்ளவரின் இரத்தத்தைக் குடிக்கிறார் என்று ஊரார் தகப்பனாரை நெருக்கினார்கள். அவருக்கு நம்பிக்கையில்லை, ஊர் வாயை மூட இணங்கினார். மார்ச் மாதம் மய்யித்துகளைத் திறந்து பார்த்தார்கள். மெர்சியின் உடல் மட்டும் அழுகவில்லை. கடுங்குளிர் காலத்தில் இரண்டு மாதம் கிடந்த உடல் எப்படி அழுகும்? கூட இருந்த டாக்டர் இது இயற்கைதான் என்று சொல்லியும் கேட்பாரில்லை. இதயத்தையும் ஈரலையும் எரித்து, சாம்பலைக் கரைத்து அண்ணனுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அவனும் போய்ச் சேர்ந்தான். காசநோய்க் கிருமியை ஜெர்மனியில் ராபர்ட் கோக் கண்டுபிடித்து அப்போது பத்து வருடங்கள் ஆகியிருந்தன.

அதே 1892, ஆகஸ்ட் 4. மாசசூசெட்ஸின் ஃபால் ரிவர் நகரில் ஆண்ட்ரூ போர்டன் என்ற செல்வந்தரும் அவருடைய இரண்டாம் மனைவி ஆபியும் பட்டப்பகலில் தம் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வீட்டிலிருந்த மகள் லிஸி கைதானாள். மறு ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி, ஜூரிகள் ஒன்றரை மணி நேரம் கூடிப் பேசிவிட்டு, குற்றவாளியல்ல என்றார்கள். வேறு எவர்மீதும் பிறகு வழக்கு நடக்கவேயில்லை. கொலையாளி யாரென்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

ஆனால் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. குழந்தைகள் கயிறு தாண்டும்போது பாடும் பாட்டாகவே எழுதிவிட்டது. அந்தப் பாட்டில் தாய்க்கு நாற்பது வெட்டு, தகப்பனுக்கு நாற்பத்தொன்று. உண்மையில் விழுந்தவை ஏறத்தாழ 19-ம், 10 அல்லது 11-ம். அவள் பெற்ற தாயும் அல்ல, சிற்றன்னை. ஒரு நான்கு வரிப் பாட்டில் எத்தனை பொய் பாருங்கள். அதைப் பாடியவர்கள் எல்லாரும் பச்சைக் குழந்தைகள்! விடுதலையானபின் அதே ஊரில் 34 ஆண்டுகள், 1927-இல் சாகும்வரை, லிஸி ஒதுக்கப்பட்டவளாகவே வாழ்ந்தாள். அந்த வீடு 1996 முதல் தங்கும் விடுதி. ஆபி விழுந்து கிடந்த அறையில் பணம் கொடுத்து இரவு தங்கி ஆவியை எதிர்பார்க்கிறார்கள்.

'அவளே செய்திருந்தால்?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். கொலைக்குப் பின் சில நாட்களில் ஓர் ஆடையை அவள் அடுப்பிலிட்டு எரித்தது உண்மை. வழக்கை ஆராய்ந்தவர்களில் பலர் அவளையே சந்தேகிக்கிறார்கள். அவள் நிரபராதி என்று சத்தியம் செய்யவும் நமக்கு உரிமையில்லை. ஆனால் ஸஹீஹ் புகாரியில் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஒரு செய்தியை நினைவுகூர்வோம். ஒரு பெண்ணின் தீய நடத்தை ஊரறிந்தது. ஆனால் சாட்சி இல்லை. சாட்சியின்றித் தண்டிப்பதாயிருந்தால் அவளைத் தண்டித்திருப்பேன் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள், தண்டிக்கவில்லை. அறிவிப்பாளர் அப்பெண்ணின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. சந்தேகம் எவ்வளவு வலுத்தாலும் அது சாட்சி ஆகாதென்பது ஒன்று. தண்டனையிலிருந்து தப்பியவரின் பெயரை நாவால் தண்டிக்காமல் விட்டது மற்றொன்று. பின்னதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

'இறந்து நூறாண்டாகிவிட்ட ஒருத்தியைப் பற்றிப் பேசினால் யாருக்கு நஷ்டம்?' என்பார்கள். இறந்தவர்களை ஏசாதீர்கள், அவர்கள் தாம் முற்படுத்தியதிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்ற கருத்துள்ள ஹதீஸுக்குக் காலவரையறை ஏதும் இல்லை. மேலும் நாவு ஒன்றே ஒன்றுதானே இருக்கிறது? ஃபால் ரிவர் லிஸியைப் பற்றி ஊகத்தில் பேசிப் பழகிய நாவு, நாளை தெருக்கோடி வீட்டு மருமகளைப் பற்றியும் அப்படியே பேசும். நகை காணாமல் போனால் பால்கிதாபு பார்ப்பதும், மை போட்டுப் பார்த்து வேலைக்காரியின் பெயரைச் சொல்வதும் நம்மவர் வீடுகளில் இல்லாததா? சேலத்துச் சிறுமிகளின் சாட்சிக்கும் மையில் தெரிந்த முகத்துக்கும் என்ன வித்தியாசம்? எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, "நமக்கெதற்கு, அல்லாஹ்தான் அறிவான்" என்று எழுந்துபோகும் பழக்கம் ஒன்றுண்டு. அந்த வாக்கியம் பேச்சின் முதலில் வரவேண்டியது.

பேய் வீடு என்ற நம்பிக்கையும் புதியதல்ல. கொலையுண்டவனுக்குப் பழிவாங்கப்படாவிட்டால் அவன் தலையிலிருந்து ஆந்தை போன்ற ஒரு பறவை கிளம்பி, பழி தீரும்வரை 'தண்ணீர் கொடு' என்று கூவிக்கொண்டிருக்கும் என்று அறியாமைக் கால அரபிகள் நம்பினார்கள். அதற்கு ஹாமா என்று பெயர். ஹாமா என்பது இல்லை என்று நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்தப் பறவை எத்தனை குலங்களைச் சண்டையில் மூட்டியிருக்கும்! தன் ஆளுக்குத் தாகம் தீர வேண்டுமென்று அகப்பட்டவனை வெட்டினான் அரபி.

அப்படியானால் துப்புத் துலங்காத கொலையை அப்படியே விட்டுவிடுவதா? கூடாது. 1974 ஜூலையில் அதே மாசசூசெட்ஸில் பிராவின்ஸ்டவுன் கடற்கரை மணல்மேட்டில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. யாரென்று அடையாளம் தெரியாமல் பெயரின்றியே அடக்கம் செய்தார்கள். சினிமாவில் கூட்டத்தில் நின்றவள் என்றார்கள், பேர்பெற்ற குற்றவாளி ஒருவன் கொன்றான் என்றார்கள், கதைகள் வளர்ந்தன. 48 ஆண்டுகள் கழித்து, 2022-இல், மரபணுவை உறவினர்களுடையதோடு ஒப்பிட்டு அவள் பெயரைக் கண்டார்கள். கணவனே கொலையாளி என்று 2023-இல் அதிகாரிகள் அறிவித்தார்கள்; அவன் 2002-லேயே இறந்திருந்தான். கோப்பை மூடாமல் காத்திருந்தவர்கள் அவளுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். கதை கட்டியவர்கள் அவள் வாழ்வைப் பற்றி ஓரெழுத்தும் அறிந்திருக்கவில்லை. பிள்ளைகள் இத்தகைய கதையைக் கேட்டுவிட்டு வந்தால், கொல்லப்பட்டவர் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். லிஸியின் பெயர் தெரியும். ஆபியின் பெயர் தெரியாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்திலும் துப்புத் துலங்காத கொலை ஒன்று நடந்தது. கைபருக்குச் சென்ற அன்ஸாரிகளில் அப்துல்லாஹ் இப்னு ஸஹ்ல் (ரலி) அங்கே கொலையுண்டு கிடந்தார். கொன்றவர் யாரென்று கண்டவர் இல்லை. சகோதரரும் சிற்றப்பன் மக்களும் மதீனாவில் வந்து முறையிட்டார்கள், சந்தேகம் கைபர்வாசிகள்மீது. ஐம்பது சத்தியம் செய்கிறீர்களா என்று நபியவர்கள் கேட்டார்கள். "நாங்கள் பார்க்கவில்லையே, எப்படிச் சத்தியம் செய்வோம்?" என்றார்கள் அந்தத் துக்கத்திலும். எதிர்த்தரப்பின் சத்தியத்தை ஏற்கவும் அவர்களுக்கு மனமில்லை. அந்த இரத்தம் வீணாகிப் போவதை வெறுத்த நபியவர்கள், எவர்மீதும் பழி சுமத்தாமல், தாமே நூறு ஒட்டகங்களை ஈட்டுத்தொகையாகக் கொடுத்தனுப்பினார்கள். இதை அறிவிக்கும் ஸஹ்ல் இப்னு அபீ ஹஸ்மா (ரலி), அந்த ஒட்டகங்களில் ஒன்று தம்மை உதைத்ததையும் சேர்த்தே சொல்கிறார்கள்.