பழைய முகம், புது எலும்பு

1955இல் செவ்ரலே கம்பெனி 'நோமாட்' என்ற ஸ்டேஷன் வாகனை வெளியிட்டது. அந்த இரண்டு கதவு உருவம் 1957 வரைதான். இன்று அமெரிக்காவில் அதை வைத்திருப்பவர்களில் சிலர் உடலைத் தூக்கிவிட்டு அடியிலுள்ள சேஸிஸையே மாற்றுகிறார்கள். புது ஸஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், மடங்கும் ஸ்டியரிங் தண்டு, 1997இல் அறிமுகமான எல்.எஸ். வகை எஞ்சின். மேலே மட்டும் பழைய தகடு, பழைய க்ரோமியம்.

இது அதே வண்டியா? தீஸியஸின் கப்பலைப் பற்றி புளூடார்க் பதிவு செய்த கேள்விதான். ஹாப்ஸ் 1655இல் அதைக் கூராக்கினார்: கழற்றிய பலகைகளைச் சேர்த்து ஒருவன் இன்னொரு கப்பல் கட்டினால்? கொட்டகை மூலையில் கிடக்கிற அசல் சேஸிஸும் எஞ்சினும் அதையேதான் கேட்கின்றன. எண் பொறித்த தகடு கதவுத் தூணில் இருப்பதால் சர்க்கார் பதிவேட்டில் அது அதே வண்டி. பதிவேட்டின் பதில் நமக்குப் போதாது.

அசலைத் தொடக்கூடாது என்ற கட்சியில்தான் நான் நெடுநாள் இருந்தேன். அது ரசனையின் கட்சி. ஆனால் அசல் வண்டியில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மடங்காத ஸ்டியரிங் தண்டு மோதலில் ஓட்டுபவன் நெஞ்சில் ஏறக்கூடும். என் தூய்மைக்கான விலையைப் பின் ஸீட்டுக் குழந்தையும், சாலையைக் கடப்பவனும் கொடுக்க நேரலாம். மியூஸியத்தில் நிற்கிற வண்டிக்கு அசல்தன்மை அறம். ஓடுகிற வண்டிக்கு அது அகங்காரம்.

அப்படியானால் பழைய முகம் பொய்யா? முகம் பொய் சொல்வதில்லை. விற்கும்போது வாயை மூடிக்கொள்பவன் சொல்கிறான். மாற்றியதைச் சொல்லிவிட்டால் துரோகமில்லை, இழப்பு உண்டு: 1955இன் அதிர்வு இனி அந்த வண்டியில் கிடைக்காது. அந்த இழப்பை லாபமென்று கணக்கெழுதாமலிருப்பதே நான் கோரும் நேர்மை.