நால்வர் சுமந்த படுக்கை



கப்பர்நாகூமில் திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள் (மாற்கு 2). ஒருவர் முந்தி ஒருவர் பிந்தி இறக்கியிருந்தால் அவன் விழுந்திருப்பான்.

இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளையோடு ஒரு தாய் கிளினிக், ஆஸ்பத்திரி என்று அலைகிறாள். போகுமிடமெல்லாம் கதையை முதலிலிருந்து சொல்கிறாள். “பொறுங்கோ அம்மா, மெல்லப் பேசும்” என்று நானும் சொன்னேன். தவறு என்னுடையது. பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. பேச்சுப் பழகும் முதல் ஆண்டுகளில் ஓராண்டு வீணாயிற்று.

குடும்பநல மாது எழுதிக்கொடுத்த வளர்ச்சிக் கொப்பி அவள் பையிலேயே இருக்கிறது. வைத்தியரும் பாலர் பாடசாலை ஆசிரியையும் அதை ஒன்றாகப் பார்த்தால் என்ன? யேசு கண்டது, சுமந்தவர்களின் விசுவாசத்தையும் அல்லவா!

வரும் புதன்கிழமை அவளுக்கு மறுபடி கிளினிக். மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னும் ஒருவரும் இல்லை.