சிமோன் பைல்ஸ் ஏன் கைதட்டினார்?

2021 ஜூலை 27, டோக்கியோ ஒலிம்பிக்ஸ். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி இறுதிப் போட்டி. ஓடிவந்து பாயும் வால்ட்டில் எழும்பிய அமெரிக்கக் கறுப்பின வீராங்கனை சிமோன் பைல்ஸ், காற்றில் இரண்டரைச் சுற்று சுழன்று இறங்கியிருக்க வேண்டும். ஒன்றரைச் சுற்றிலேயே உடல் திறந்துகொண்டது. தடுமாறித் தரையில் காலூன்றினார். காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வே போய்விட்டது என்று பின்னர் சொன்னார். அன்றைய போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

இது ஊரறிந்த செய்தி. என்னைத் தொந்தரவு செய்வது அதற்கு அடுத்த சில நிமிடங்கள். அரங்கை விட்டுப் போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். சக வீராங்கனைகளைக் கட்டிக்கொண்டார். வெள்ளை வார்ம்-அப் உடையை மாட்டிக்கொண்டு ஓரத்தில் நின்று, மற்றவர்களுக்காகக் கைதட்டினார், குரல் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 24.

அவர் ஏன் ஒரு மூலையில் போய் உட்காரவில்லை? யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள் என்று எழுத வந்தேன், ஆனால் எழுத முடியவில்லை. விலகியதற்கே கோழை என்று திட்டியவர்கள் உண்டு. கறுப்பினப் பெண் என்பதால்தான் அப்படி நின்றாரோ என்று எனக்குத் தோன்றியது.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸும் கூடவே நினைவுக்கு வருகிறது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் வெள்ளையினப் பெண் கெர்ரி ஸ்ட்ரக், கணுக்கால் அடிபட்ட பிறகும் இன்னொரு முறை வால்ட் தாண்டினார். பயிற்சியாளர் அவரைக் கைகளில் தூக்கிக்கொண்டு போன படம் உலகம் முழுக்கப் பரவியது. ஆக, வலியைத் தாங்கு என்பது அந்த விளையாட்டு எல்லாப் பெண்களிடமும் கேட்பதுதான். இதில் நிறத்தை எங்கே கொண்டுவருவது என்று ஒரு வாசகர் கேட்டால் நியாயமே. இரண்டு ஒலிம்பிக்ஸ், இரண்டு விதமான காயம், ஒப்பிடுவது சரியில்லைதான். இருந்தாலும் அந்தத் தூக்கிச் சென்ற கைகளும் இந்தத் தட்டிய கைகளும் என் மனதில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

நிறம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது இது: சிறு வயதில் ஒரு சிறுவர் பத்திரிகையில் வில்மா ருடால்ஃபின் கதையைப் படித்திருக்கிறேன். டென்னஸி மாநிலத்துக் கிளார்க்ஸ்வில்லில் போலியோவால் கால் சூம்பிய கறுப்பினச் சிறுமி, 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கிய கதை. அதைப் படித்துவிட்டுத் தெருவில் ஓடிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. கதையில் அம்மா ஒருவர் இருந்தார். பிளான்ச். வீட்டு வேலைக்குப் போகிறவர். சுமார் ஐம்பது மைல் தள்ளியிருந்த நாஷ்வில் மருத்துவமனைக்கு வாரா வாரம் மகளைப் பேருந்தில் கூட்டிப் போனார். கறுப்பினத்தார் பின்வரிசையில்தான் உட்கார வேண்டும் என்றிருந்த காலம். அண்ணன் அக்காமார் முறை வைத்து வில்மாவின் காலை அமுக்கி விட்டார்கள். அம்மாவின் கால் வலித்ததா என்று ஒரு வரிகூட இல்லை. படித்த நானும் கேட்கவில்லை. அந்த அம்மாவுக்குக் களைப்பே வராது என்று எங்களுக்குச் சொல்லாமலே சொல்லியிருந்தார்கள்.

நம் அம்மாக்களும் இப்படித்தானே என்று உடனே சொல்லத் தோன்றும். நான் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்தக் கறுப்பினப் பெண்களுக்கென்று உள்ள வரலாறு கரைந்துபோகும். 1840களில் அலபாமாவின் மாண்ட்காமரியில் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அனார்க்கா, பெட்சி, லூசி என்ற அடிமைப் பெண்களுக்கு மயக்க மருந்து கொடுக்காமலே திரும்பத் திரும்ப அறுவைச் சிகிச்சை செய்து பார்த்தார். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் நின்ற அவருடைய சிலையை 2018இல்தான் அகற்றினார்கள். கறுப்பினத்தாரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்யை வெள்ளையின மருத்துவ மாணவர்கள் பலர் அப்போதும் நம்பியதை 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. வலிக்காது என்று முதலில் அடுத்தவர் தீர்மானித்தார்கள். வலித்தாலும் காட்டக் கூடாது என்று பிறகு பாட்டிகள் பேத்திகளுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். காட்டினால் ஆபத்து என்று பட்டு அறிந்தவர்கள் அவர்கள்.

செவிலியர் துறைப் பேராசிரியர் செரில் வுட்ஸ்-ஜிஸ்கோம்பே கறுப்பினப் பெண்களை உட்காரவைத்துப் பேசவிட்டு, 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். உணர்ச்சியை அடக்குவது, பலவீனத்தைக் காட்டாதது, அடுத்தவருக்கு உதவியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் என்று அவர்கள் சுமந்ததெல்லாம் அதில் வரிசையாக வருகிறது. உதவியே ஆகவேண்டும் என்ற இடத்தில் பைல்ஸின் அந்த வெள்ளை உடை மறுபடி கண்முன் வந்தது. ஆனால் அதே பெண்கள் இந்த உறுதியால்தான் பிழைத்தோம், குடும்பத்தைக் கரைசேர்த்தோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். தூக்கமின்மை, மன அழுத்தம், உறவுகளில் விரிசல் என்று கொடுத்த விலையையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். கீழே போட்டுவிடுங்கள் என்று தூரத்திலிருந்து உபதேசிக்க எனக்கு வாய் வரவில்லை.

ஒருவேளை நான் அதிகமாக யோசிக்கிறேனோ. சேர்ந்து பயிற்சி செய்த தோழிகள்; பைல்ஸ் பிரியத்தால் கைதட்டியிருக்கலாம். நிற்பதுதான் அவருக்கு அப்போது ஆறுதலாகவும் இருந்திருக்கலாம். லாரி நாசர் என்ற அணி மருத்துவரின் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களில் அவரும் ஒருவர். தான் களத்தில் இல்லாவிட்டால் அந்த விவகாரத்தை ஓரங்கட்டிவிடுவார்கள் என்பதும் தான் தொடர்ந்து விளையாட ஒரு காரணம் என்று டோக்கியோவுக்கு முன்பே சொல்லியிருந்தார். ஒரு வால்ட் ஓட்டத்துக்குள் இவ்வளவையும் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

டோக்கியோ நடந்த அந்த ஆண்டு டைம் பத்திரிகை அவரைச் சிறந்த விளையாட்டு வீரராகத் தேர்ந்தெடுத்தது. முடியாது என்று சொன்னதையே பெரிய வலிமை என்று உலகம் கொண்டாடியது. நானும் மகிழ்ந்தேன். ஆனால் முடியாமல் போனதையும் ஒரு சாகசமாக்கினால்தானா அவருக்கு ஓய்வு கிடைக்கும் என்று உள்ளுக்குள் உறுத்தியது. 2024 பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளியோடு திரும்பினார். அணிப் போட்டியன்று காலையில் தன் மனநல ஆலோசகரோடு பேசிவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னார். அதை அவர் வெளிப்படையாகச் சொன்னது எத்தனையோ பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கும் என்று மனதார நம்புகிறேன்.

ஆனால் அவர் பாரிஸுக்கு வராமலே இருந்திருந்தால்? வந்தும் வெறுங்கையோடு போயிருந்தால்? டோக்கியோவில் அவர் விலகியதை அப்போதும் நாம் இதே பரிவோடு பேசியிருப்போமா? பேசியிருப்போம் என்று சொல்லத்தான் ஆசை. என்னைப் பற்றியே எனக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.