கரை நடை

சிறு வயதில் மார்கழி ராத்திரி என்றால் எனக்கு ஒரு டார்ச் வெளிச்சம்தான். தென்னேரி ஏரிக்கரை மேல் அது மெல்ல நகரும், ஓரிடத்தில் நிற்கும், மறுபடி நகரும். ஏரிக் காவல் பார்க்கும் கம்புகட்டிப் பெரியப்பா மதகுக்கு மதகு நடந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி தளும்பி நிற்கும். கரைக்குக் கீழே சம்பா பால் பிடித்திருக்கும். நண்டு வளையோ எலி வளையோ வழியாகக் கரையில் கசிவு கண்டுவிட்டால், விடிவதற்குள் அது வாய்க்கால் அகலம் ஆகிவிடும். அதனால் ஊர் தூங்க, அவர் நடந்தார். அறுப்பு முடிந்ததும் களத்தில் அவர் பங்கை நெல்லாக அளந்து கொடுப்பார்கள்.

இப்போதெல்லாம் மார்கழி என்றால் எனக்குச் சென்னை. வாலாஜாபாத்தில் ரயில் ஏறினால் செங்கல்பட்டு, தாம்பரம் தாண்டி நகரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். மயிலாப்பூரில் அக்கா வீடு. ஒரு வாரம், பத்து நாள் அங்கேதான். ஒரு பையில் ஸ்வெட்டர், ஒரு பையில் அக்காவுக்குப் பச்சரிசி. சென்னைக் குளிருக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று வடநாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். சபா ஏ.சி.யில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

முதல் நாள் விடியலில் எப்போதும் போவது கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளுக்கு. பாபநாசம் சிவன் (1890–1973) மார்கழி முழுக்க இந்த நான்கு வீதிகளையும் பஜனை பாடிச் சுற்றி வந்தார். அந்த வழக்கம் இன்னும் விடவில்லை. மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது. ஜால்ராவும் மிருதங்கமும் நடந்துகொண்டே வரும். கோலம் போடும் பெண் எழுந்து ஒதுங்கி நின்று, கும்பல் போனதும் விட்ட புள்ளியிலிருந்து தொடர்வாள். ஒரு பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு அடி கூடப் பாடுவார். பாட்டின் நோக்கம் கச்சேரி இல்லை, வீதியை எழுப்புவது. திருப்பாவையும் அதைத்தானே செய்கிறது? முப்பது பாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஒரு வாசலில் நின்று இன்னொரு தோழியை எழுப்புகிற வேலைக்கே போய்விடுகிறது. கண்ணனைப் பார்க்கப் போகிறவர்கள் நேரே போகாமல் வீடு வீடாக நின்று நேரத்தைச் செலவழிக்கிறார்களே என்று சின்ன வயதில் எனக்கு அலுப்பாக இருக்கும்.

பகல் முழுக்க சபாக்கள். மத்தியானக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் இல்லை, பாடுகிறவர்களும் இளையவர்கள். இருபது வயதுப் பெண் ஒருத்தி கண்ணை மூடித் தோடியில் இறங்கியிருப்பாள். எதிரே முந்நூறு நாற்காலியில் நாற்பது பேர், அதில் பத்துப் பேர் தூக்கம். மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கூட்டம் கேண்டீனுக்கு எழும் என்பது ஊரறிந்த கேலி. நான் அந்தக் கேலிக்குள் அடக்கம். அடையும் அவியலும் எனக்கும் பிடிக்கும். போன வருஷம் ஒரு சாயங்காலக் கச்சேரியில், காசு கொடுத்து வாங்கிய சீட்டில், நல்ல விஸ்தாரமான காம்போதியில் தூங்கிப்போனேன். அக்கா முழங்கையால் இடித்தாள். வெளியே வந்ததும் கேட்டாள்: “ஊர்ல விடிய விடிய கூத்து பாத்தவன்தானே நீ? இங்க ரெண்டு மணி நேரத்துக்கே சாஞ்சிட்டே?”

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஊரில் கூத்துக்கு முன்னால் விழித்திருந்தவன் இங்கே ஏன் தூங்குகிறான்?

முதலில் ஒரு சின்ன வரலாறு. சங்கீதத்துக்கும் டிசம்பருக்கும் ஜாதகப் பொருத்தம் எதுவும் கிடையாது. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியது. அதை ஒட்டி ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928 ஆகஸ்டில் மியூசிக் அகாடமி பிறந்தது. காங்கிரஸ் கிறிஸ்துமஸ் வாரத்தில் கூடியதற்குக் காரணம், கோர்ட்டுக்கும் கல்லூரிக்கும் அப்போதுதான் விடுமுறை. வக்கீல்களுக்கும் வாத்தியார்களுக்கும் ஓய்வு கிடைத்த நாட்களில் ராகம் வந்து உட்கார்ந்துகொண்டது. 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கம், பாட்டு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று அகாடமியோடு முரண்பட்டது. ஆனால் தன் விழாவையும் டிசம்பரில்தான் வைத்துக்கொண்டது. மாதத்தில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

எங்கள் பக்கத்தில் அந்த மாதத்தில் கூத்து வைக்க முடியாது. யாருக்கு ஓய்வு? ஏரி நிறைந்திருக்கும்போது மனசு ஏரியில்தான் இருக்கும். தை, மாசியில் அறுப்பு முடிந்து, ஏரி வற்றிச் சேறு வெடிக்கிற வெயில் காலத்தில்தான் திரௌபதி அம்மனுக்குப் பாரதம் படிப்பார்கள், ராத்திரியில் கூத்து நடக்கும். நகரத்துக்குக் குளிரில் கலை, எங்களுக்குக் கோடையில். பருவம் என்று நாம் பெரிதாகச் சொல்வது பாதி நேரம் யாரோ சிலருடைய லீவு நாள்தான். இதைச் சொன்னால் சீசன் பக்தர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

சரி, கூத்தில் நான் எப்படி விழித்திருந்தேன்? யோசித்தால் உண்மை வேறு. நான் விழித்திருக்கவே இல்லை. கோணியை விரித்துப் பாட்டியின் மடியில் தலை வைத்து, கட்டியங்காரன் பகடி முடிவதற்குள் தூங்கிவிடுவேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பாட்டி தோளை உலுக்குவாள்: “டேய், எழுந்திரு, துரியோதனன் சபைக்கு வந்துட்டான்.” கண்ணைக் கசக்கினால் எதிரே கிரீடமும் புஜகீர்த்தியுமாகச் சுழலும் ஒரு பேருருவம். அந்த அதிர்ச்சிக்கு ஈடாக எந்த சபாவும் எனக்கு எதையும் தந்ததில்லை. அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லாருமே யாராவது ஒருவரை எழுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். பாட்டி அசந்தால் பக்கத்து வீட்டு அத்தை அவளை எழுப்புவாள்.

இந்த இரண்டு கலைகளும் ஒன்றையொன்று பார்க்காமலே இருந்துவிடவில்லை. காஞ்சிபுரத்தை அடுத்து 1990இல் கூத்துக் கலைஞர்கள் கூடிக் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். அதை முன்னின்று நடத்திய பெ. ராஜகோபாலின் குழுவும் கர்நாடகப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் ஒரே மேடையில் சேர்ந்து நிகழ்த்தினார்கள். பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்களோடு சேர்ந்து ஒரு மார்கழி விழா தொடங்கியது. வலை காயும் மணலில் கர்நாடக சங்கீதமும் பறையும் அடுத்தடுத்து. அலைச் சத்தத்தில் சுருதி நிற்காது என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். அங்கே யாரும் தூங்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சென்னையில் மீதி நேரம் நடைதான். நகரத்துக்காரர்கள் நடப்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கும். எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லாத நடை. 1880களில் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் இந்தக் கடலோரத்தில் நடைபாதை போட்டு, இத்தாலியில் கேட்ட சொல்லை எடுத்து மெரினா என்று பெயர் வைத்தார். காலை ஐந்தரைக்கே அங்கே ஷூக்கள் வரிசை கட்டிவிடும். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959இல் நிறுவிய உழைப்பாளர் சிலையில் நான்கு பேர் பாறையைப் பெயர்க்க முக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் கடந்து நாம் தொப்பையைக் கரைக்கப் போவோம். ஜனவரியில் மாரத்தான் வேறு. விடியாத இருட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் ஓட, அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க யாரோ மூன்று மணிக்கே எழுந்து நின்றிருப்பார்கள்.

கலங்கரை விளக்கின் அடியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர் நினைவு வரும். தென்னேரியைக் கல்வெட்டுகள் திரையனேரி என்று சொல்கின்றன. தொண்டைமான் இளந்திரையன் பேரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அந்த இளந்திரையனைப் பாடியதுதான் பெரும்பாணாற்றுப்படை. யாழ் சுமந்த பாணனுக்குக் கச்சிக்கு வழி சொல்கிற 500 அடிப் பாட்டு. வழியில் ஒரு கடல் துறையும், இரவில் நெருப்பு ஏற்றிக் கப்பலைக் கூப்பிடும் உயர்ந்த மாடமும் வருகின்றன. அன்றைக்குப் பாட்டுக்காரன் கடலோரம் தாண்டி எங்கள் சீமைக்கு நடந்தான். இன்றைக்கு நான் பாட்டுக் கேட்கக் கடலோரம் போகிறேன். திசைதான் திரும்பியிருக்கிறது. இந்த விளக்கு 1977இல் வந்தது. லிப்ட் உள்ள கலங்கரை விளக்கம் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்.

அதே கடலோரத்தில் இன்னொரு வெளிச்சச் சங்கதியும் உண்டு. பங்குனி ஆமைகள் குளிர்காலத்தில் இந்தக் கரைக்கு முட்டையிட வருகின்றன. ஒரு குழியில் நூறு முட்டைக்குப் பக்கம். ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் பொரியும் குஞ்சுகள் கடலின் மினுமினுப்பைப் பார்த்து ஊர வேண்டியவை. தெருவிளக்கைக் கடல் என்று நம்பி ரோட்டுக்கு வந்து சாகும். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் ஜனவரியிலிருந்து ராத்திரி முழுக்க நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடக்கிறார்கள். ஆமை ஏறின தடத்தைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பத்திரமான இடத்துக்கு மாற்றுகிறார்கள். வார இறுதியில் யாரும் கூட நடக்கலாம். அக்கா மகன் என்னை இழுத்துக்கொண்டு போனான்.

ஏழு கிலோமீட்டர் மணல் நடை. டார்ச் அடிக்கக் கூடாது, பேசக் கூடாது. முன்னால் போனவள் ஒரு கல்லூரிப் பெண். நிற்பாள், குனிவாள், மறுபடி நடப்பாள். மணலில் லேசான ஒரு மேடு கண்டால் போதும், அதற்குப் பக்கத்தில் மண்டியிட்டு விரலால் தடவிப் பார்ப்பாள். அந்த ராத்திரி கூடு எதுவும் கிடைக்கவில்லை. செத்து ஒதுங்கிய ஓர் ஆமை கிடைத்தது. 2025 ஜனவரியில் இந்தப் பக்கத்துக் கரைகளில் நூற்றுக்கணக்கில் அப்படி ஒதுங்கின. மூச்சு விட மேலே வர வேண்டிய பிராணி, இழுவலையில் சிக்கினால் நீருக்குள்ளேயே மூச்சு முட்டிவிடும். அந்தப் பெண் அதன் ஓட்டை அளந்து நோட்டில் குறித்துக்கொண்டு மேலே நடந்தாள். அவள் பின்னால் நடக்கையில் எனக்கு ஒரு கணம் தலை சுற்றியது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளையா, எங்கள் கரை மேல் நின்று நின்று நகர்ந்த அந்த வெளிச்சத்தையா?

அப்போதுதான் திருப்பாவையின் தாமதம் புரிந்தது என்று நினைக்கிறேன். தானாக விழித்துக்கொண்டவர் யாரும் இல்லை. என்னைக் கூத்துக்கு எழுப்பியது பாட்டி. காம்போதிக்கு எழுப்பியது அக்காவின் முழங்கை. மாட வீதியை எழுப்பியது பாபநாசம் சிவனின் ஜால்ரா. மத்தியானம் பாதி காலி சபாவில் தோடி பாடிய பெண்ணும் அந்தப் பத்துப் பேரில் ஒருவரையாவது எழுப்பத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நகரத்தின் குளிர்கால சுகம் என்று நான் பத்து நாள் அள்ளிக்கொண்டு வந்தது, யாரோ எனக்கு முன்னால் கண்விழித்து என் தோளைத் தொட்டதன் மிச்சம். வாசலில் நின்று தோழியைக் கூப்பிடுவது வழியில் நேர்ந்த தாமதம் இல்லை, நோன்பில் அதுவும் சேர்த்தி.

தை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு ஊர் திரும்பினேன். கம்புகட்டிப் பெரியப்பாவுக்கு இப்போது பார்வை சரியாக இல்லை. கரைக்குப் போவதை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. ஆனாலும் விடியலுக்கு முன்னால் ஒரு கோலோடு அங்கேதான் இருப்பார். எனக்கும் நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிட்டதால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இன்னா தம்பி, பட்டணத்துல பாட்டெல்லாம் நல்லா இருந்துச்சா?”

எந்தெந்த சபா, யார் யார் பாடினார்கள் என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார். நிறுத்தினேன். மதகில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் இருந்தது. தலையை ஒருபக்கம் சாய்த்து, சபாவின் முதல் வரிசைக்காரர்களிடம் நான் பார்க்காத ஒரு கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தாண்ட மதகுல சத்தம் மாறிக்கிது. நேத்து இப்படி இல்ல. அடியில எங்கயோ தனியா பூறுது.”

எனக்கு ஒன்றும் வித்தியாசமாகக் கேட்கவில்லை. எல்லாம் ஒரே தண்ணீர்தான்.

“நீ போயி உங்க அண்ணனை எழுப்பு. அப்படியே அந்தத் தெருவுல ரெண்டு பேரை எழுப்பு. கோணி எடுத்தாரச் சொல்லு.”

பனி இறங்கிக்கொண்டிருந்தது. கரையை விட்டிறங்கி முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.